மறு: நியூட்ரான் 'மூலம்' – வேறு சொல் உண்டா?

நாகமலையிலிருந்து:
ஐயா, அம்மா, வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்குக் குறிப்பு அச்சாக வேண்டும். துகள்களை விரைவுபடுத்தும் முடுக்கியில் ஓடிவரும் புரோட்டான்கள் லித்தியத்திலோ பெரிலியத்திலோ மோத, நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவற்றால் படம் எடுக்கிறோம். எக்ஸ் கதிரைத் தடுக்கும் ஈயத்தை நியூட்ரான் எளிதில் கடந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் காட்டிவிடும். நியூட்ரானைத் தரும் இந்தக் கருவியை ஆங்கிலத்தில் 'நியூட்ரான் சோர்ஸ்' என்பார்கள்; நான் 'நியூட்ரான் மூலம்' என்று எழுதினேன். வாசித்த மாணவி, "மூலமா சார்?" என்று தயங்கினாள். சுவரெல்லாம் மூலம், பவுத்திரம் விளம்பரம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மேலூரிலிருந்து:
தம்பி, முதலில் 'நியூட்ரான்' எதற்கு? 'நொதுமி' இருக்கிறதே. சங்கப் பாட்டில் நொதுமலர் என்றால் உறவும் பகையும் இல்லாத அயலார். எந்த மின்னேற்றமும் இல்லாத துகளுக்கு இதைவிட என்ன பெயர் வேண்டும்? 'முடுக்கி'யும் அருமை. நம் பக்கம் குறுகிய சந்துக்கும் முடுக்கு என்றுதான் பெயர். நெருக்கித் தள்ளுவதுதான் இரண்டுக்கும் அடி என்பது என் கருத்து. புரோட்டான் கற்றையும் ஒடுங்கிய குழாயில்தானே ஓடுகிறது!

உசிலம்பட்டியிலிருந்து:
ஐயா, கரும்பலகையில் 'நொதுமி' எழுதினால் பிள்ளைகள் உயிரியல் பாடத்து 'நொதி'யோடு குழப்புகிறார்கள். நியூட்ரான் இருக்கட்டும். மூலத்துக்குப் பதில் 'ஊற்று' வைக்கலாம். கோடையில் வைகை மணலைக் கையால் தோண்டுவோம். முதலில் ஈரம், அப்புறம் கலங்கல், இறைத்து ஊற்றினால் ஒரு சொம்பு தெளிந்த நீர் ஊறும்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து மதுரை திரும்பியவர்:
ஊற்று தானாகச் சுரப்பதம்மா. இங்கே கற்றையை நிறுத்தினால் நியூட்ரானும் நின்றுவிடும், அதுதான் இதன் சிறப்பே. கல்பாக்கத்துக் காமினி 30 கிலோவாட் அணு உலை. அதிலும் நியூட்ரான் படம் எடுக்கிறார்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் உலையே இல்லாமல் 7 எம்இவி ஆற்றலுள்ள புரோட்டான்களைப் பெரிலியத்தில் மோதவிட்டு, துருப்பிடித்த எஃகின் பூச்சுக்கடியில் நீர் நகர்வதைப் பார்த்திருக்கிறார்கள். லித்தியம் என்றால் சூடு பெரிய தொல்லை, 180 டிகிரியிலேயே உருகிவிடும். இவ்வளவு பாடுபட்டு உண்டாக்குவதால் 'நியூட்ரான் ஆக்கி' என்பேன்.

உசிலம்பட்டியிலிருந்து:
'ஆக்கி' என்றால், அடைத்த குழாயாக வரும் சிறிய நியூட்ரான் ஜெனரேட்டரை என்ன சொல்வீர்கள்? வைகை ஊற்றும் தோண்டினால்தான் ஐயா வரும்.

நாகமலையிலிருந்து:
குழுவில் ஐந்து பேர் ஊற்று, இரண்டு பேர் ஆக்கி. அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 'முடுக்கிவழி நியூட்ரான் ஊற்று' என்று கொடுத்துவிட்டேன். இமேஜிங்குக்கு இப்போதைக்கு 'படமெடுப்பு'.

மேலூரிலிருந்து:
சரி தம்பி. அடுத்த பதிப்பிலாவது அடைப்புக்குறிக்குள் நொதுமியைப் போடுங்கள்.