டிரம்பெட்டுக்கும் வயலினுக்கும் பாகம் எழுதித் தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே, பாளையங்கோட்டையில் நாலு பேர் சேர்ந்து ராக் இசைக்குழு வைத்திருக்கிறோம். 1967-ல் தொடங்கிய சிகாகோ குழு டிரம்பெட், டிராம்போனை ராக்கோடு இழைத்ததையும், 1970-ல் பர்மிங்காமில் உருவான எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா வயலின், செல்லோவைச் சேர்த்ததையும் கேட்டதிலிருந்து அந்த நிறைந்த சத்தத்தின் மேல் எங்களுக்குத் தீராத ஆசை. சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிக்கும் அண்ணன் ஒருவரும், கச்சேரிகளுக்கு வயலின் வாசிக்கும் அக்கா ஒருவரும் மனசார வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சிக்கல் சுருதியில்தான். எங்கள் பாட்டெல்லாம் ஈ மேஜர் சுருதி. அண்ணனுடைய பி ஃபிளாட் டிரம்பெட் எழுதியதைவிட ஒரு முழு சுரம் கீழே ஒலிப்பதால், அவருக்கு அது எஃப் ஷார்ப் மேஜர் ஆகிவிடும், அதாவது ஆறு சுரங்களை ஷார்ப்பாக (அரை சுரம் ஏற்றி) வாசிக்க வேண்டும், அண்ணனுக்கு விரல் ஓடவில்லை. கிடார்களை அரை சுரம் இறக்கிக் கட்டினோம், பாட்டு ஈ ஃபிளாட் மேஜர் ஆனது, இப்போது அவருக்கு எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட் (அரை சுரம் இறக்கியது), அழகாக வருகிறது. அப்புறம் அக்கா. அவர் கர்நாடக முறையில் நாலு தந்தியையும் ச-ப-ச-ப என்று கட்டி வாசிப்பவர், எங்கள் ஈ ஃபிளாட்டுக்குச் சமமான இரண்டரைக் கட்டை சுருதிக்கு மாற்றிக்கொண்டார், ஆனால் மேற்கத்திய நொட்டேஷன் படிக்க மாட்டார்.

அண்ணனுக்கு நொட்டேஷனிலும் அக்காவுக்கு ஸ்வரத்திலும் ஒரே பாட்டை எழுதித் தரத் தெரிந்தவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே நேரில் வருகிறோம். டிரம்ஸுக்கு நடுவே வயலின் கேட்கவே மாட்டேன் என்கிறது, அதற்கு மைக் நல்லதா, வயலினிலேயே பொருத்தும் பிக்கப் நல்லதா என்றும் சொல்லுங்கள்.