மதுரை கே.கே.நகர் பக்கம் சிங்கிள் பெட்ரூம் வீடு: வாடகைக்குப் போறதா, ஒத்திக்குப் போறதா?

உசிலம்பட்டிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். கே.கே.நகர்ல ஒரு லேப்ல வேலை கெடச்சிருக்கு, சம்பளம் 22,000. நானும் அம்மாவும் மட்டும்தான், சிங்கிள் பெட்ரூம் போதும். ஆனா அண்ணா நகர், கே.கே.நகர்னு எங்க கேட்டாலும் பத்தாயிரத்துக்குக் கீழ பேச்சே இல்ல, அட்வான்ஸ் அறுபதாயிரம்ங்கிறாங்க, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை தனி. என்னால மிஞ்சிப்போனா ஏழாயிரம்தான் முடியும். இதுல மானகிரில ஒரு வீடு 4 லட்சம் ஒத்திக்கு வருது, மூணு வருஷம் வாடகை கெடையாது, காலி பண்ணும்போது காசு திரும்பத் தந்துருவாங்களாம். அம்மா நகைய அடகு வச்சிரலாம்ங்குது, எனக்குத்தான் பயமா இருக்கு. டூட்டி முடிய நைட்டு ஒம்பது ஆயிரும், ரொம்பத் தள்ளியும் போக முடியாது.

யானைமலை அடிவாரம்:
தங்கச்சி, மாட்டுத்தாவணிக்கு இங்கிட்டே தேடுனா இந்த ரேட்டுதான். பஸ் ஸ்டாண்டத் தாண்டி மேலூர் ரோட்டுல வாங்க. ஹைகோர்ட்டு பெஞ்ச் 2004ல வந்ததுலருந்து உலகநேரி பக்கம் ஏறிப்போச்சு, ஆனா ஒத்தக்கடை ஊருக்குள்ள, நரசிங்கம் போற ரோட்டுல மாடி போர்ஷன் ஆறு ஆறரைக்கு இன்னும் கெடைக்குது, நான் குடியிருக்குறதே அப்படி ஒண்ணுலதான். சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கெடையாது. ஆப்புல தேடாதீங்க, அங்க போடுறதுல பாதி புரோக்கருதான். ஞாயித்துக்கெழம காலைல தெருத்தெருவா நடந்து, பலசரக்குக் கடையில, இஸ்திரி போடுறவருகிட்ட விசாரிங்க. அம்மாவப் பேச விடுங்க, தனியாப் பொண்ணு போனா ஆயிரம் கேள்வி கேப்பாய்ங்க. ஆடி மாசம்னா இன்னும் நல்லது, அப்ப யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க, வீடு சும்மா கெடக்குறதுக்கு ஓனரே எறங்கி வருவாரு.

செல்லூர் மாப்ள:
ஒத்தின்னாலே பயப்பட வேணாம்பா. கணக்கு பாருங்க. நகைய வருசத்துக்கு 9 பர்சண்ட் வட்டில வச்சா 4 லட்சத்துக்கு மாசம் மூவாயிரம்தான் ஆகுது. கே.கே.நகர் பக்கத்துலயே மூவாயிரத்துக்கு வீடு எவன் தருவான்? எங்க வீட்டுல ரெண்டு தலைமுறையா ஒத்தி வீடுதான், ஒரு பிரச்சனையும் வந்ததில்ல.

பத்திரக்காரன்:
மாப்ள சொல்ற கணக்கு சரிதான், ஆனா வட்டிய மட்டும் பாத்தா எப்படி, மொதலு திரும்ப வரணும்ல. ஒத்திங்கிறது சட்டப்படி வாடகை இல்ல, வீட்ட உங்க கையில குடுத்து வைக்கிற அடமானம், ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ரெண்டு சாட்சியோட பதிஞ்சாத்தான் உங்களுக்குப் பிடிமானம். நம்ம ஊர்ல பாதிப்பேரு செலவுக்குப் பயந்து ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டு வந்துர்றாங்க. அந்த வீட்டு மேல ஏற்கெனவே பேங்க் லோன் இருந்து, ஓனர் கட்டலேன்னா பேங்க்காரன் ஏலத்துக்கு வந்து நிப்பான், அவனுக்குப் போகத்தான் மிச்சம். அதனால மொதல்ல பதிவுத்துறை வெப்சைட்ல ஈசி, அதான் வில்லங்கச் சான்று, போட்டுப் பாருங்க, பாக்க காசு இல்ல. அதோட நிக்காதீங்க, ஒரிஜினல் பத்திரத்தக் கண்ணுல காட்டச் சொல்லுங்க, ஜெராக்ஸ நீட்டுனா ஒரிஜினல் வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம். ஈசில வராத கடனும் உண்டு. வேலையில சேந்த ஒடனே இருக்குற நகையெல்லாம் ஒரே வீட்டுல போடுறதும் எனக்கு ஒப்பல.

உசிலம்பட்டிக்காரி:
நன்றிண்ணே. மத்தியானம் மானகிரி வீட்டு ஓனருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், "பதிவெல்லாம் எதுக்கும்மா, நம்ம ஆளுகதான"ங்கிறாரு. ஒரிஜினல் ஊர்ல அண்ணன்கிட்ட இருக்காம்.

பத்திரக்காரன்:
அப்ப விட்ருங்க.

மேலமடை அக்கா:
கருப்பாயூரணி பக்கமும் பாரும்மா, மேலமடை கோமதிபுரத்த விடக் கொறையும். ஆனா வாடகைய மட்டும் கேட்டுட்டு வந்துராத. கரண்டுக்குத் தனி சர்வீஸான்னு கேளு. தனி சர்வீஸ்னா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், ரெண்டு பேரு இருக்குற வீட்டுல பில்லு ஒண்ணும் பெருசா வராது. சப்மீட்டர் வச்சுருந்தா யூனிட்டுக்கு எட்டு பத்துன்னு ஓனரு வச்சதுதான் ரேட்டு, ஐநூறு ரூவா கொறச்சலான வீடுன்னு போய் அத இதுல விடுவ. பைப்பத் தொறந்து தண்ணிய வாயில வச்சுப் பாரு, போர்த் தண்ணி உப்பா இருந்தா குடிக்க, சமைக்க கேனு வாங்கணும். அப்புறம் அட்வான்ஸ், 2017 வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைதான் போட்டுருக்கு, தனியா ஒத்துக்கிட்டு எழுதுனா கூடவும் வாங்கலாம்ங்கிறதால ஓனருங்க அசர மாட்டாங்க, இருந்தாலும் கேட்டுப் பாரு, எங்க வீட்டுக்காரரு கேட்டுத்தான் அறுபது நாப்பதாச்சு. குடுக்குறத அக்ரிமெண்ட்ல எழுதி வாங்கு, வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பாங்கங்கிறதையும் சேத்து.

யானைமலை அடிவாரம்:
எங்க தெருவுலயே கீழ் போர்ஷன் ஒண்ணு அடுத்த மாசம் காலியாகுது, ஏழாயிரம் சொல்றாரு, பேசுனா கொறைப்பாரு. தனி சர்வீஸ்தான், தண்ணிதான் கொஞ்சம் உப்பு. ஞாயித்துக்கெழம அம்மாவோட வந்து பாருங்க, பத்து மணிக்கு மேல ஓனர் இருப்பாரு.