தண்ணீர் மாற்றாமல் பவளத்தொட்டியைப் பராமரிக்க இயலுமா?

நெய்தல்மகள்:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் நான்காம் மாடி வீடொன்றில் மூன்று ஆண்டுகளாகக் கடல்நீர்ப் பவளத்தொட்டி வைத்திருக்கிறேன். கீழ்த்தொட்டியையும் சேர்த்து 300 லீற்றர் நீர். இரண்டு கோமாளி மீன்களும், தோல்பவளம், காளான்பவளம், ஹேமர் பவளம் ஆகியவையும் உள்ளன. பவளங்கள் யாவும் உரிய அனுமதியுடன் வந்த தாய்ப்பவளங்களிலிருந்து வெட்டி வளர்க்கப்பட்ட துண்டுகளே.

கிழமைதோறும் 30 லீற்றர் மாற்றி வந்தேன். உப்பு வாளியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதாலும், முதுகுவலியுடன் நீரைச் சுமக்க முடியாததாலும் ஏழு கிழமைகளாக மாற்றவில்லை. அப்போது 8.5 ஆக இருந்த காரத்தன்மை இன்று 5.6 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் டிகிரி), கல்சியம் 420 இலிருந்து 400 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு), நைத்திரேற்று 15 இலிருந்து 25, பொசுபேற்று 0.2. ஹேமர் பவளத்தின் உணர்கொம்புகள் பாதியளவே வெளியே வருகின்றன. அதன் அடிவிளிம்பில் நகக்கண் அகலத்துக்கு வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கியிருக்கிறது. தண்ணீரை மாற்றாமலே இதைச் சீராக்க வழி உண்டா, அல்லது கடன்பட்டாவது உப்பு வாங்கத்தான் வேண்டுமா?

சங்குத்துறை:

வணக்கம் சகோதரி. நீங்கள் தந்திருக்கும் அளவீடுகளே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன. பவளம் எலும்பு கட்டும்போது ஒரு டிகிரி காரத்தன்மைக்கு ஏறத்தாழ 7 பிபிஎம் கல்சியத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் தொட்டியில் காரத்தன்மை 2.9 டிகிரியும் கல்சியம் 20 பிபிஎம்மும் குறைந்துள்ளன. கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே தண்ணீர் கெட்டுப்போகவில்லை, உங்கள் பவளங்கள் வளர்ந்திருக்கின்றன, அவற்றுக்கான தீனிதான் தீர்ந்துவிட்டது.

இந்தக் குறையைத் தண்ணீர் மாற்றி நிரப்புவது மிகவும் செலவான வழி. 8.5 டிகிரி உள்ள புதுநீரில் 30 லீற்றரை இன்று மாற்றினாலும் காரத்தன்மை 0.3 மாத்திரமே உயரும். அதற்குப் பதிலாக, 300 லீற்றரில் ஒரு டிகிரியை உயர்த்த 9 கிராம் அப்பச்சோடா (சோடியம் இருகாபனேற்று) போதும். நாளொன்றுக்கு நாலரைக் கிராம் வீதம் ஆர்ஓ நீரில் (சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த நன்னீர்) முழுமையாகக் கரைத்து, கீழ்த்தொட்டியில் நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஐந்து நாட்களில் 8 ஐ நெருங்கிவிடுவீர்கள். ஒரே நாளில் ஏற்றிவிட அவசரப்பட வேண்டாம், குறைந்த அளவுக்குப் பழகிவிட்ட பவளம் திடீர் ஏற்றத்தில்தான் தோலுரிகிறது. கடையில் அப்பச்சோடா என்று கேட்டு வாங்குங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

அதன்பின் அளவை நிலைநிறுத்துவதற்குக் கல்சியம் ஐதரொட்சைட்டு நீரை, அதாவது சுண்ணாம்பு நீரை, பரிந்துரைக்கிறேன். 4 கிராம் தூள் 300 லீற்றருக்கு ஒரு டிகிரி காரத்தன்மையையும் அதற்கு ஈடான கல்சியத்தையும் சேர்த்தே தரும். உங்களுக்குக் கிழமைக்கு 0.4 டிகிரிதான் தேவை என்பதால் ஒன்றரைக் கிராமே போதுமானது. ஆவியாகும் நீரை ஈடுசெய்ய ஊற்றும் ஆர்ஓ நீரில் அதைக் கரைத்து, அமிலகாரச் சுட்டி (பிஎச்) இறங்கியிருக்கும் இரவு வேளையில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செறிந்த கரைசலின் சுட்டி 12 ஐத் தாண்டும். கண்ணில் பட்டுவிடாமல் கவனமாக இருங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தானே என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அதன் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை; அதோடு, அக்குரல, ஹிக்கடுவைக் கரையோரங்களில் பவளத்தை அகழ்ந்து சூளையில் சுட்டுத்தான் காலங்காலமாகச் சுண்ணாம்பு எடுத்தார்கள். பாறையை எரித்து எடுத்த சுண்ணாம்பைப் பவளத்துக்கே ஊட்டுவதற்கு என் மனம் ஒப்பாது. ஆய்வுகூடத் தரத் தூளை வாங்குங்கள்.

நைத்திரேற்றுக்கு வருவோம். அது கிழமைக்கு ஏறக்குறைய 1.5 ஏறுகிறது. அந்த வேகத்தில் நூற்றுக்குப் பத்து மாற்றிவந்தால், 15 அளவில் போய் நின்றுவிடும், அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது. உங்கள் பழைய அளவும் 15 தானே. கீழ்த்தொட்டியின் ஓரறையில் கீட்டோ பாசியை வளர்த்து, மேல்விளக்கு அணைந்தபின் அதற்கு ஒளி கொடுங்கள். சிக்குண்ட நைலோன் நூற்கட்டுப் போலத் திரண்டு வரும் அந்தப் பாசியில் பாதியை அவ்வப்போது பிடுங்கி வீசும்போதுதான் நைத்திரேற்றும் பொசுபேற்றும் தொட்டியை விட்டு வெளியேறுகின்றன; பிடுங்காமல் விட்ட பாசி அழுகி எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடும். நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரை நிறுத்த வேண்டாம். தோல்பவளம் நச்சுச் சேர்மங்களைக் கசியவிடும் என்பதால் கரி வடிகட்டியையும் மாதந்தோறும் புதுப்பியுங்கள்.

கல்கிசைக்காரன்:

சங்குத்துறை அண்ணாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அது இன்றைய தொட்டிக்கான கணக்கு. சகோதரி நாளை அக்ரொபோரா போன்ற கிளைப்பவளங்களை வைத்து, தேவை நாளுக்கு ஒரு டிகிரியாக உயர்ந்துவிட்டால், பலரும் அப்பச்சோடாவையும் கல்சியம் குளோரைட்டையும் தனித்தனியே ஊற்றும் முறைக்குப் போவார்கள். அம்முறையில் ஒவ்வொரு டிகிரிக்கும் 300 லீற்றர் தொட்டியில் 6 கிராமுக்குச் சற்று மேலாகச் சோடியம் குளோரைட்டு (சாதாரண உப்பு) மிஞ்சும். ஆண்டுக்கு இது இரண்டு கிலோவுக்கு மேல். தொட்டியில் உள்ள மொத்த உப்பே பத்தரைக் கிலோ அளவுதான். உவர்த்தன்மை ஏறுகிறதே என்று நீரை அகற்றி ஆர்ஓ நீர் விட்டால் மகனீசியம், சல்பேற்று, பொற்றாசியம் யாவும் மெல்ல மெல்ல மெலிந்துபோகும். இவ்வாறு தனித்தனியே ஊற்றும் முறையொன்றை வகுத்த ஹான்ஸ் வேர்னர் பாலிங் தம்முடைய முறையில் சோடியம் குளோரைட்டு இல்லாத மூன்றாவது உப்பொன்றைச் சேர்த்தது இந்தச் சமனின்மையைத் தடுக்கத்தான்.

என் அச்சம் வேறொன்றில் இருக்கிறது. வீட்டுச் சோதனைப் பெட்டி ஐந்தாறு பொருட்களையே காட்டும். என் தொட்டியில் கண்ணாடி துடைக்கும் காந்தம் வெடித்து உள்ளே துருவேறியதை நான் கவனிக்கவில்லை. நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து விழுந்தபோதும் என்னுடைய அளவீடுகள் அனைத்தும் நன்றாகவே இருந்தன. தண்ணீர் மாற்றி வந்திருந்தால் அந்த உலோகம் ஓரளவாவது நீர்த்துப்போயிருக்கும். ஆகவே மாற்றுவதை நிறுத்துபவர், ஆண்டுக்கு இரண்டு முறையாவது நீர் மாதிரியை ஐசிபி ஆய்வுக்கு (நீரில் கரைந்துள்ள உலோகங்கள் முதலியவற்றை அளக்கும் ஆய்வுகூடச் சோதனை) அனுப்பும் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 30 லீற்றர் மாற்றுவதே பாதுகாப்பு.

நெய்தல்மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. கடல் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைதான். அந்த நீரையே எடுத்து வந்தால் என்ன?

கல்கிசைக்காரன்:

கரையில் நின்று வாளியில் அள்ளாதீர்கள். வெள்ளவத்தைக் கால்வாய் நகரத்தின் கழிவைச் சுமந்து அந்தக் கரையிலேயே கடலில் சேர்கிறது. வடக்கே களனி ஆற்று முகத்துவாரம். மழைக் காலங்களில் கரையோர நீரின் உவர்த்தன்மை விழுந்துவிடுகிறது; வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரும் இலங்கையைச் சுற்றி மேற்குக் கரைக்கு வந்து சேர்கிறது. 2021 இல் இரசாயனங்கள் ஏற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய பிறகு நான் கரைநீரைத் தொட்டதே இல்லை. ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரர் ஒருவர் தெரிந்தவராக இருந்தால், சுத்தமான கலன்களைக் கொடுத்தனுப்பிப் பெற்று, இருட்டில் சில கிழமைகள் வைத்து, உவர்த்தன்மை அளந்த பின்னர் பயன்படுத்துங்கள்.

நெய்தல்மகள்:

பன்னிரண்டு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். ஐந்து நாள் அப்பச்சோடாவில் காரத்தன்மை 7.8 ஆனது, சுண்ணாம்பு நீரைத் தொடங்கிய பின் நேற்றுக் காலை 7.7, கல்சியம் 400. ஹேமர் பவளத்தின் வெள்ளை விளிம்பு அதற்கு மேல் பரவவில்லை. மாலை ஏழு மணியளவில் உணர்கொம்புகள் முழு நீளத்துக்கு நீண்டு நீரோட்டத்தில் ஆடுகின்றன. நைத்திரேற்று இன்னும் 25 தான், பாசி இப்போதுதான் கைப்பிடி அளவாகியிருக்கிறது. கண்ணாடிக் காந்தத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு மூலையில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்ததால் உடனே தூக்கி எறிந்துவிட்டேன். ஐசிபி ஆய்வுக்கான நீர் மாதிரியைக் குப்பியில் நிரப்பி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன்.