கட்சித் தலைவரே மூணாவது இடமா? ஸ்காட்லாந்து 1945

ஜெயநகர்வாசி:
2023-ல எங்க பெங்களூரு ஜெயநகர் சட்டசபைத் தொகுதி 16 ஓட்டு வித்தியாசத்துல முடிஞ்சதுலேர்ந்து ஆபீஸ் கேப் வண்டியில வருஷக்கணக்கா இதே பேச்சு. நேத்து ஒருத்தர், 'ஸ்காட்லாந்துல ஒரு கட்சித் தலைவரே சொந்தத் தொகுதியில மூணாவதா வந்தார், முதல் ஆளோட வித்தியாசம் நூறுகூட இல்லை'ன்னு சொல்றார். நிஜமா, இல்ல அடிச்சு விடறாரா?

பழைய பேப்பர்:
நிஜம்தான். 1945 பொதுத்தேர்தல், பிரிட்டனோட வடகோடியில கெய்த்னஸ் அண்ட் சதர்லேண்ட் தொகுதி. கன்சர்வேடிவ் கேண்டர் டவர் 5,564, லேபர் மெக்இன்னஸ் 5,558, லிபரல் கட்சித் தலைவர் ஆர்ச்சிபால்ட் சின்க்ளேர் 5,503. மூணு பேரும் 61 ஓட்டுக்குள்ள!

சின்க்ளேர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1922-லேர்ந்து அவர்தான் எம்.பி. அந்தப் பக்கத்துப் பெரிய நிலக்கிழார் வேற. ஆனா 1940-லேர்ந்து 45 வரைக்கும் சர்ச்சிலோட போர்க்கால மந்திரிசபையில விமானப்படைத் துறை அவர் கையில. லண்டன் எங்க, தொகுதியில இருக்கற தர்சோ ஊர் எங்க? தொகுதிப் பக்கம் தலைகாட்டாதவருக்கு ஜனங்க பாடம் சொல்லிட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். வேடிக்கை என்னன்னா, ஜெயிச்ச கேண்டர் டவர் சொந்தமா விமான சர்வீஸ் நடத்தினவர், அபர்டீன்லேர்ந்து வடக்குத் தீவுகளுக்கு.

இன்னொண்ணு. ஓட்டுப்பதிவு ஜூலை 5, எண்ணிக்கை 26. வெளிநாட்டுல இருந்த சிப்பாய்கள் ஓட்டு வந்து சேரணுமே. மூணு வாரம் பெட்டிக்கு சீல் வச்சுக் காத்திருக்காங்க. நம்ம வேட்பாளர்கள்னா அதுக்குள்ள ஸ்ட்ராங் ரூம் வாசல்ல குடித்தனமே போட்டிருப்பாங்க.

அல்சூர் ஏரிக்கரை:
முக்கியமானதை விட்டுட்டீங்களே சார். ஜப்பான் தோத்ததும் ராஜினாமா பண்ணிட்டு மறுபடி நிக்கறேன்னு கேண்டர் டவர் வாக்கு கொடுத்திருந்தார். ஆகஸ்ட்லயே ஜப்பான் சரணாகதி. ஆனா மனுஷன் 1950 வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை! அந்த வருஷம் சின்க்ளேர் திரும்ப நின்னு மறுபடியும் தோத்தார்.

ஜெயநகர்வாசி:
அடப்பாவி! ஆனா கர்நாடகாவுலயே 2004-ல சாந்தேமரஹள்ளியில துருவநாராயணா 1 ஓட்டுல ஜெயிச்சாரே. அதைவிடவா இது பெரிசு?

பழைய பேப்பர்:
வித்தியாசம் மட்டும் பார்த்தா ஸ்காட்லாந்துலயே 2017-ல நார்த் ஈஸ்ட் ஃபைஃப் இருக்கு, எஸ்.என்.பி. (ஸ்காட்டிஷ் நேஷனல் பார்ட்டி) 2 ஓட்டுல தப்பிச்சது. அதெல்லாம் ரெண்டு பேர் மல்லுக்கட்டு. கெய்த்னஸ்ல ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. ஜெயிச்சவருக்கே 33.5 சதவீதம்தான். அந்தத் தொகுதி அப்புறமும் அடங்கலை, 1966-ல லேபரோட மெக்லெனன் 64 ஓட்டுல வந்தார்.