விளையாட்டு பழகினால் விமானிக்குக் கவனம் கூடுமா?

கேள்வி: விமானப் பயிற்சியில் இருக்கிறேன். ரேடியோ, உயரம், வேகம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிப்பதுதான் சிரமம். கால்பந்து, செஸ் மாதிரி ஏதாவது பழகினால் உதவுமா?

பதில் 1: கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம், ஓட்டிப் பாருங்கள். 1983-இல் நடுவானில் எரிபொருள் தீர்ந்த ஏர் கனடா போயிங் 767-ஐ கேப்டன் பாப் பியர்சன் கனடாவின் கிம்லி என்ற ஊரில் இறக்கினாரே, உயரம் அதிகமாக இருந்ததால் விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு இறக்கினார், அது கிளைடர் பழக்கத்தில் வந்தது.

பதில் 2: அது கைத்திறன், சார். கவனம் வேறு. 1972-இல் அமெரிக்காவில் விபத்துக்குள்ளான ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401 விமானத்தில் விமானிகள் எல்லோரும் அனுபவசாலிகள்தான். எரியாத ஒரு சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் விமானம் இறங்குவது தெரியவில்லை. செஸ் ஆடியிருந்தால் தெரிந்திருக்குமா என்ன? கருவிகளை மாறிமாறிப் பார்க்கும் பழக்கம்தான் வேண்டும்.

பதில் 3: சரிதான், ஆனாலும் கால்பந்தில் பந்து அடுத்து எங்கே போகும் என்று யோசிக்கிறோமே, அது வீண் போகாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மட்டும் ஆடாதீர்கள்.