6000 ரேம் 4800-ல் ஓடுகிறது, எச்டிஎம்ஐ-யிலும் படம் வரவில்லை

கேள்வி: 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு மாட்டியிருக்கிறேன். பெட்டியில் வேகம் 6000 என்றிருக்கிறது, பயாஸ் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) 4800 காட்டுகிறது. மானிட்டரை மதர்போர்டு எச்டிஎம்ஐ-க்கு மாற்றிச் செருகினால் ‘நோ சிக்னல்’. போர்டு பழுதா?

பதில் 1: பழுதெல்லாம் இல்லை. 6000 என்பது ஓவர்கிளாக் வேகம், அதாவது இயல்பைவிடக் கூட்டி ஓட்டும் வேகம், தானாக வராது. பயாஸில் இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, ஏஎம்டி என்றால் எக்ஸ்போ என்ற புரொஃபைலை (ரேமில் பதிந்திருக்கும் வேக அமைப்பு) இயக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அடுத்த முறை ஆன் ஆகும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். மெமரி டிரெயினிங் நடக்கிறது, அதாவது போர்டு புது வேகத்துக்கு ரேமைச் சோதித்துப் பொருத்துகிறது. பயந்துபோய் பவரை அணைத்துவிடாதீர்கள், பலரும் கெடுப்பது அங்கேதான்.

பதில் 2: நான்கு ஸ்லாட் போர்டா? பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-ல்தான் மாட்ட வேண்டும். மேனுவலில் ஏ2, பி2 என்றிருக்கும். 6000-ல் நிலைக்காவிட்டால் 5600 வையுங்கள். பூட்டே ஆகவில்லையென்றால் சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது) செய்யுங்கள். பிறகு சிபியு-இசட் (ரேம் வேகத்தைக் காட்டும் மென்பொருள்) 3000 காட்டினால் குழம்பாதீர்கள். டிடிஆரில் அதன் இருமடங்குதான் கணக்கு.

பதில் 3: பிராசசர் பெயர் என்ன? இன்டெலில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐ வெறும் ஓட்டைதான். கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

கேள்வி கேட்டவர்: ‘எஃப்’தான்! மறுபடி கார்டிலேயே செருகியதும் படம் வந்துவிட்டது. ரேமை 1, 2-ல் மாட்டியிருக்கிறேன், மாற்றுகிறேன்.