500 எம்பிபிஎஸ் இணைய லைன், ஃபயர்வாலைத் தாண்டினால் 260தான்: பெட்டியை மாற்றியே ஆக வேண்டுமா?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் முன்பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, பின்பக்கம் குடியிருப்பு. இரண்டுக்கும் ஒரே இணைய லைன். ஏபியு2 என்ற சிறு கணினிப் பெட்டியில் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் மென்பொருள் ஓடுகிறது. வெளி இணையம் வந்து சேரும் வான் (WAN) பக்கம் சூரிகாட்டா, ஊடுருவலைக் கண்காணிக்கும் மென்பொருள். 100 எம்பிபிஎஸ் இருந்தவரை ஒரு குறையும் இல்லை.

இப்போது 8 கேமராக்கள், ஒவ்வொன்றும் விடாமல் 2 எம்பிபிஎஸ் மேலே அனுப்புகிறது. அண்ணி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ராத்திரி இரண்டு டிவி, அண்ணன் பையனின் கேம் அப்டேட் வேறு. அதனால் போன மாதம் 500க்கு மாறினோம். டெஸ்ட் போட்டால் 260க்கு மேல் ஏறவே இல்லை. அப்டேட் இறங்கும் நேரத்தில் அண்ணியின் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வருகிறது. நேற்று பாதிக் கூட்டத்தில் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். பார்க்கவே சங்கடமாகப் போய்விட்டது.

டாஷ்போர்டில் சிபியு 50 சதவீதத்தைத் தாண்டவில்லை. கடைக்காரர் 22 ஆயிரத்துக்குப் புதுப் பெட்டி சொல்கிறார். வாங்கலாமா?

அஸ்தம்பட்டி கேபிள்:
தம்பி, காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை நேராக ஓஎன்டியில் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) செருகி, பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து லைனில் இணையும் முறை) டயல் செய்து டெஸ்ட் போடுங்கள். ஓஎன்டி, தான் டயல் செய்யாமல் லைனை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில்தானே இருக்கிறது? அப்புறம் ஃபயர்வாலைத் திரும்ப மாட்டி, டெஸ்ட் ஓடும்போதே டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் சிஸ்டம் ஆக்டிவிட்டியைத் திறந்து, ஐடில் (சும்மா இருக்கும் அளவு) என்று வரும் நான்கு வரிகளையும் எழுதி அனுப்புங்கள். சிபியுவுக்குள் வேலை செய்யும் நான்கு கோருக்கும் ஆளுக்கொரு வரி.

கொலுசுப்பட்டறை:
பிரிட்ஜ் மோடுதான் அண்ணா. நேராகப் போட்டால் 488. ஐடில் வரிகளில் முதல் கோர் 1 சதவீதம், மற்ற மூன்றும் 65 முதல் 75 வரை.

அஸ்தம்பட்டி கேபிள்:
அதுதான் விஷயம். 50 என்பது நான்கு கோருக்கும் சேர்த்த சராசரி. முதல் கோர் மூச்சுமுட்டி நிற்கிறது, மற்றவற்றுக்கு வேலை சரியாகப் போய்ச் சேரவில்லை.

நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டின் ஐபி முகவரியையும் போர்ட்டையும் பார்த்துத்தான் எந்தக் கோருக்கு அனுப்புவது என்று பிரிக்கும். பிபிபிஓஇயில் வருவது மூடிய உறைக்குள் கடிதம் மாதிரி. உள்ளே இருக்கும் முகவரி கார்டுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் முதல் வரிசையிலேயே போட்டுவிடும். உங்கள் பட்டறையில் பற்றவைக்க நாலு பேர் உட்கார்ந்திருந்தும், வந்த வெள்ளியை எல்லாம் முதல் ஆளின் மணையிலேயே கொட்டினால் எப்படி இருக்கும்? அந்த ஒரு கோரும் ஏபியு2வில் 1 கிகாஹெர்ட்ஸ்தான்.

கோர் நிரம்பினால் பாக்கெட் வரிசையில் காத்து நிற்கும். டிவி படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்வதால் அங்கே தெரியாது. பேசும் குரலை அப்படிச் சேர்த்து வைக்க முடியாதே, அதனால் அடி முதலில் அண்ணிக்கு விழுகிறது.

செட்டிங்ஸ் முழுவதையும் பேக்கப் எடுத்துவிட்டு பிஎஃப்சென்ஸ் 2.8.0க்கு வாருங்கள். 2025இல் வந்த அந்தப் பதிப்பில் பிபிபிஓஇக்குப் புது கெர்னல் டிரைவர் (இயங்குதளத்தின் மையத்திலேயே ஓடும் நிரல்) சேர்த்திருக்கிறார்கள், வேலையைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். தானாக ஆன் ஆகாது. சிஸ்டம், அட்வான்ஸ்டு, நெட்வொர்க்கிங் பக்கத்தில் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சூரிகாட்டாவை வானிலிருந்து எடுத்து, வீட்டுக்குள் போகும் லேன் (LAN) பக்கம் போடுங்கள். வெளியில் இருந்தால், ஃபயர்வால் எப்படியும் தள்ளிவிடப் போகிற குப்பையையும் உட்கார்ந்து அலசிக்கொண்டிருக்கும்.

ஏற்காட்டு மிளகுக்கொடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேமரா கேபிள் வெளிச் சுவரில் போகிறதா தம்பி? போன சித்திரையில் இங்கே கோடை மழை இடியில் என் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் மூன்று போர்ட் போய்விட்டது. கேட் கேமராவுக்கு 60 மீட்டர் செம்புக் கேபிள் இழுத்திருந்தேன், அது வழியாகத்தான் வந்தது. இப்போது அந்தத் தூரத்துக்கு, மின்சாரம் கடத்தாத ஃபைபரும் இரண்டு முனையிலும் அதைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரும் போட்டிருக்கிறேன். புதுப் பெட்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைப் பாருங்கள்.

கொலுசுப்பட்டறை:
வெளியில்தான் போகிறது அக்கா, பார்க்கிறேன்.

அண்ணா, நேற்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மாற்றினேன். புது டிரைவரோடு, சூரிகாட்டா லேன் பக்கம் இருக்க 405. சூரிகாட்டாவை நிறுத்தினால் 476. இனி புதுப் பெட்டி தேவையே இல்லையா?

அஸ்தம்பட்டி கேபிள்:
சூரிகாட்டாவோடு முழு 500ம் வேண்டும், நாளைக்கு 1000க்குப் போவோம் என்றால் வாங்குங்கள். என்100 சிப், இன்டெல் ஐ226 போர்ட் என்று கேட்டு வாங்குங்கள். இந்தக் கோடை 405இல் ஓடும் என்றால் அவசரப்பட வேண்டாம். இப்போதைக்கு லிமிட்டரில் (வேகத்துக்கு வரம்பு போடும் வசதி) எஃப்க்யூ கோடெல் என்ற, வரிசையில் யாரும் நெடுநேரம் காத்திருக்காமல் பார்த்துக்கொள்ளும் முறையை வைத்து, டவுன்லோடை 360இல் நிறுத்துங்கள். கேம் அப்டேட் இறங்கினாலும் குரலுக்கு இடம் இருக்கும்.

ஆமாம், பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கொலுசுப்பட்டறை:
மெருகு போடும் அறைப் பரணில், தகரக் கூரைக்கு அடியில். இப்போது தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. மேலே சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருக்கிறது.

அஸ்தம்பட்டி கேபிள்:
முதலில் அதை இறக்குங்கள் தம்பி. ஃபேன் இல்லாத பெட்டி, உள்ளே இருக்கும் சூடு அந்த அலுமினிய உடம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். மெருகுப் பொடியில் உலோகம் இருக்கும், போர்ட்டுக்குள் போனால் ஷார்ட் ஆகும். கூடத்துச் சுவரில் காற்றுப்படும்படி மாட்டுங்கள்.

கொலுசுப்பட்டறை:
இறக்கிவிட்டேன். தூரிகையால் துடைத்துக் கூடத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. லிமிட்டரும் போட்டேன். இன்று மாலை பையன் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தான், அண்ணி கீழே இருந்தபடியே மீட்டிங்கை முடித்தார். ரொம்ப நன்றி அண்ணா. கேபிளை ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறேன் அக்கா, எத்தனை கோர் (இழை) ஃபைபர் வாங்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஏற்காட்டு மிளகுக்கொடி:
இரண்டு போதும் தம்பி. நான் நான்கு கோர் வாங்கினேன், ஒன்று அறுந்தாலும் மாற்று இருக்கட்டும் என்று.